அருவியடியில் இருபத்து மூன்று பேர்

வேன் நின்றபோது காலை பத்து மணி. மலையில் அது விடியற்காலை போலிருந்தது. மூடுபனி வாசல் தூண்களின் தலைகளை மறைத்து நின்றது. எங்கோ கீழே ஓர் அருவி இரைந்தது.

மக்கீன் வேனைத் திருப்ப இடம் பார்த்து முன்னும் பின்னுமாக உருட்டினார். அவர் மனைவி ஜெஸீமா சுடுதண்ணீர்ப் போத்தலும் சாப்பாட்டுப் பொதியுமாக இறங்கி, திறந்திருந்த வாசலால் உள்ளே போய்விட்டாள். பின்னால் வந்த இராசமணி, வாசலருகே இருந்த காவற்கூண்டைக் கண்டாள். நின்றாள். கைப்பையைத் திறந்தாள். அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள்.

யாரும் கேட்கவில்லை.

கூண்டின் சிறிய யன்னலுக்குள் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் இருந்தார். முகம் இருட்டில் இருந்தது. அவர் உடனே வாங்கவில்லை. கைவிட்டுப்போன ஒரு வேலையை நினைவுபடுத்திக்கொள்பவர் போல அட்டையைப் பார்த்தார். பிறகு ஒரு கை வெளியே வந்தது. பெருவிரலில் ஊதா மை. ஈரக் கடதாசியின் வாடை அடித்தது.

“அருவியடியில் போய் நில்லுங்கள். பெயர் கூப்பிடுவேன்.”

அவர் எந்த மொழியில் சொன்னார் என்பது பிறகு எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை. அந்த நேரம் விளங்கியது. தலையை ஆட்டிவிட்டு நடந்தாள்.

இராசமணி கண்டிக்கருகே கட்டுகஸ்தோட்டையில் புவியியல் ஆசிரியை. சொந்த ஊர் யாழ்ப்பாணம். மக்கீனின் வீட்டில் பின்பக்க அறை ஒன்றில் ஆறு வருடமாக வாடகைக்கு இருந்தாள். முன்னாள் அமைச்சர் ஒருவரின் பரம்பரை வீட்டை, அவர் இறந்தபின் பார்வைக்குத் திறந்திருந்தார்கள். மடுல்கெல்லைக்கு அப்பால், பஸ் போகாத பள்ளத்தாக்கு. மாணவிகளைச் சுற்றுலா கூட்டிவர முன் இடத்தைப் பார்த்துவரும்படி அதிபர் சொல்லியிருந்தார். பௌர்ணமிப் போயா விடுமுறை. மக்கீன் வேனை எடுத்தார். ஜெஸீமா ரொட்டி சுட்டாள்.

அந்த வருடம் தை மாதம்தான் கண்டியில் தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்திருந்தது. இங்கே வரும் வழியில் மூன்று சோதனைச் சாவடிகள். போன வருடம் ஒரு நாள் அட்டையை வேறு பையில் மறந்துவிட்டுச் சந்தைக்குப் போனாள் இராசமணி. வீடு திரும்பப் பதினொரு நாள் ஆனது. அந்தப் பதினொரு நாளைப் பற்றி அவள் ஜெஸீமாவிடம்கூடப் பேசியதில்லை. அதன்பின் சீருடையைக் கண்டால் கை தானாகப் பைக்குள் போகும்.

வீட்டைக் காட்டியவர் இருளப்பன் என்ற முதியவர். தேயிலைத் தோட்டத்து ஆள். தலையில் கம்பளித் தொப்பி, வெறுங்கால். ஒவ்வோர் அறையாகத் திறந்து, யன்னல் திரையை விலக்கி, இரண்டு வசனம் சொல்லி, மீண்டும் பூட்டினார். அமைச்சரின் கதிரை. அமைச்சரின் அலுமாரி. கண்ணாடிப் பெட்டிக்குள் அமைச்சரின் மூக்குக் கண்ணாடி. சுவர்களில் பூஞ்சணம் பூத்த படங்கள். எந்த அறைக்குப் போனாலும் அருவியின் இரைச்சல் கூடவில்லை, குறையவில்லை.

“இதில ஒரு தரம் இருந்தா நானும் மந்திரியாகலாம் போல,” என்று மக்கீன் கதிரைக்குக் குறுக்கே கட்டியிருந்த கயிற்றைத் தூக்கிப் பார்த்தார்.

“வேன ஒழுங்கா ரிவர்ஸ் எடுக்கத் தெரியா. நாட்ட ஓட்டப் போறாராம்,” என்றாள் ஜெஸீமா. பிறகு இராசமணியைப் பார்த்தாள். “என்ன டீச்சர், வந்ததிலேருந்து பைக்குள்ள கைய உட்டு உட்டுப் பாக்கிறீங்க?”

“ஒண்டுமில்லை. கார்டை வாசலில குடுத்தனான். அதுதான் ஒரு மாதிரி இருக்கு.”

திரையை இழுத்துக்கொண்டிருந்த இருளப்பனின் கை நின்றது.

“வாசல்ல யாருகிட்டம்மா குடுத்தீங்க?”

“கூண்டில இருந்தவரிட்டை.”

“கூண்டுல ஆளு இல்லீங்களே.” அவர் திரும்பவில்லை. திரையிடமே சொன்னார். “பதினஞ்சு வருசமா இல்லீங்களே.”

நால்வரும் வாசலுக்குப் போனார்கள்.

கூண்டின் கதவில் குறுக்காகப் பலகை அறைந்திருந்தது. சின்ன யன்னலிலும் பலகை. ஆணிகள் துருப்பிடித்து மரத்தோடு மரமாகியிருந்தன. மக்கீன் வேனிலிருந்து சக்கரம் கழற்றும் கம்பியைக் கொண்டுவந்து யன்னல் பலகையை நெம்பினார். அது அழுகிய சத்தத்தோடு பிரிந்தது. உள்ளே கதிரை இல்லை. மேசை இல்லை. சீமெந்துத் தரையில் பாசி படர்ந்திருந்தது. ஒரு மூலையில் குளவிக்கூடு.

அட்டை இல்லை.

ஈரக் கடதாசியின் வாடை மட்டும் இருந்தது.

“நீங்க வேற எங்கயாச்சும் போட்டீங்களோ?” ஜெஸீமா கைப்பையை வாங்கிப் புல்லில் கொட்டினாள். சீப்பு, குடை, திருநீற்றுச் சரை, பேனா. வேனின் இருக்கைகளுக்கு அடியில் தடவினார்கள். வந்த வழியை நடந்து பார்த்தார்கள்.

“பன்வில பொலிஸுக்குப் போய் என்ட்ரி ஒண்டு போடுவோம்,” என்றார் மக்கீன்.

“போடலாம். போட்ட பிறகு என்னை வெளியில விடமாட்டினம்.”

மக்கீன் கம்பியை வேனுக்குள் போட்டார். அவருக்கும் அது தெரியும்.

“என்ட சால்வயப் போத்திக்கிட்டு இரீங்க. கேட்டா என்ட ராத்தா, கூடப் பொறந்தவ எண்டு செல்றேன்,” என்றாள் ஜெஸீமா.

“உங்கட ராத்தாவுக்கும் கார்ட் கேப்பாங்கள், ஜெஸீமா.”

இருளப்பன் தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கிக்கொண்டிருந்தார். “அருவியடியில போயி நிக்கச் சொன்னாராம்மா?”

இராசமணி அவரைப் பார்த்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

“ஓம்.”

“அப்ப அங்கதான் போவணும்.”

வீட்டின் பின்னாலிருந்து எழுபது படிகள் இறங்கின. இருபுறமும் பன்னச் செடிகள். இறங்க இறங்கக் குளிர் ஏறியது. அடியில் அகன்ற பாறை ஒன்று. அருவி அதற்குப் பக்கத்தில் விழுந்து, சாரலை மட்டும் அதன்மேல் ஓயாமல் எறிந்தது. பாறை நனைந்து கறுத்து மின்னியது.

அதில் உலர்ந்த இடங்கள் இருந்தன.

வெளிறிய சிறு திட்டுகள். கல்லின் நிறம் என்றுதான் இராசமணி முதலில் நினைத்தாள். குனிந்து ஒன்றைத் தொட்டாள். காய்ந்த கல். உடம்புச் சூடு. சாரல் அவள் புறங்கையில் விழுந்தது. அந்தக் கல்லில் விழவில்லை.

திட்டுகள் இரண்டிரண்டாக இருந்தன.

பாதங்கள்.

“மிதிச்சிடாதீங்கம்மா,” என்றார் இருளப்பன். “நிக்கிறாங்க.”

ஜெஸீமா வாய்க்குள் ஓதத் தொடங்கினாள். மக்கீன் அவள் கையைப் பிடித்தார்.

படியின் அடியிலிருந்து பாறைச் சுவர் வரை ஒரே வரிசை. இராசமணி எண்ணினாள். இருபத்து மூன்று சோடி. அவற்றில் நான்கு மிகச் சிறியவை.

இருளப்பன் சுருக்கமாகத்தான் சொன்னார். எண்பத்து மூன்று ஆடி மாதக் கலவரம். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த கீழ் லயத்துக்குத் தீ வைத்துவிட்டார்கள். ஆட்கள் மந்திரி பங்களாவுக்கு ஓடிவந்தார்கள். மந்திரி கொழும்பில். அவர் வீட்டு விதி ஒன்று இருந்தது. வருகிறவர் எவரானாலும் வாசலில் அடையாள அட்டையோ பிரஜாவுரிமைப் பத்திரமோ கொடுக்க வேண்டும், அருவியடியில் காத்து நிற்க வேண்டும், பெயர் கூப்பிட்டால் வர வேண்டும். வாசற்காரர் அன்றைக்கும் அதைத்தான் செய்தார். எல்லாருடைய பத்திரத்தையும் வாங்கிக் கூண்டுக்குள் வைத்தார். அருவியடிக்கு அனுப்பினார்.

“எனக்குப் பிரஜாவுரிமைக் கடுதாசி வரல. மனுப் போட்டு ஒம்பது வருசம். குடுக்க ஒண்ணுமில்ல, அதுனால வாசல்லயே நிப்பாட்டிட்டாரு. கீழ ரோட்டுல கூச்சல் கேட்டிச்சு. நான் காட்டு வழியா இங்க எறங்கி வந்து, ஓடிருவோம் வாங்கன்னேன். யாரும் வரல.” அவர் பாறையைப் பார்த்தபடி நின்றார். “இருவது வருசம் அலஞ்சு வாங்குன கடுதாசி உள்ள இருக்கு. அத விட்டுட்டு எப்புடி வர்றதுன்னாங்க. நான் ஓடிட்டேன்.”

“வாசற்காரர்?”

“கூண்ட விட்டு வரவே இல்ல. ஒரு பேரும் கூப்புடல. அடுத்த வருசம் செத்துட்டாரு.”

கீழ் ரோட்டிலிருந்து வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

இராசமணி வரிசையின் கடைசிக்குப் போனாள். இருபத்து மூன்றாவது சோடிக்கும் பாறைச் சுவருக்கும் இடையில் நின்றாள்.

பன்னிரண்டு மணியாயிற்று. ஒரு மணியாயிற்று. மக்கீன் மேலே போய்க் கூண்டைப் பார்த்துவிட்டு வந்தார். ஜெஸீமா ரொட்டியைப் பிய்த்து நீட்டினாள். இராசமணி வாங்கவில்லை. ஒரு பெயரும் கேட்கவில்லை. அருவி மட்டும் இரைந்தது. அந்த இரைச்சலுக்குள் சிலர் மெல்ல இருமினார்கள். ஒரு குழந்தை சிணுங்கியது. யாரோ அதட்டினார்கள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“டீச்சர், போவம் வாங்க. கார்ட் போனாப் போகட்டும். வாரது வரட்டும்,” என்றாள் ஜெஸீமா.

“அதை விட்டிட்டு எப்பிடி வாறது?”

சொன்ன பிறகுதான் அவளுக்குக் கேட்டது. படியில் குந்தியிருந்த இருளப்பன் தலையைத் தூக்கினார்.

ஜெஸீமா அவளுடைய முந்தானையைப் பிடித்திழுத்தாள். பிடித்தவுடனே தன் கையை இழுத்துக்கொண்டாள்.

“என்னங்க,” என்றாள் கணவனிடம். “டீச்சர்ட சீலயப் பாருங்க.”

ஜெஸீமாவின் சால்வை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மக்கீனின் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. இராசமணியின் சேலையில் ஒரு துளி ஈரம் இல்லை.

அவள் குனிந்து பார்த்தாள். செருப்பைச் சுற்றிக் கல் வெளிறத் தொடங்கியிருந்தது.

காலைத் தூக்கப் பார்த்தாள். கால் கேட்கவில்லை. வலி இல்லை. பிடித்து வைத்திருந்தது யாரும் இல்லை. வரிசையை விட்டு விலக உடம்புக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

“ஐயா.” அவள் தன் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். முன்னால் நிற்பவர்களுக்குக் கேட்கக்கூடாது என்பது போல. “இப்ப வாசல் பொறுப்பு ஆருக்கு?”

“எனக்குத்தாம்மா.”

“அப்ப நீங்கள்தான் கூப்பிட வேணும்.”

இருளப்பன் எழுந்து நின்றார்.

“இவ்வளவு பேரின்ர பேரும் உங்களுக்குத் தெரியும். பதினஞ்சு வருசம். ஏன் கூப்பிடேல்லை?”

அவர் கண் வரிசையின் கடைசிச் சோடிக்குப் போயிற்று. இராசமணிக்கு நேர் முன்னால் இரண்டு பாதங்கள். பெண்ணின் பாதங்கள். அவற்றுக்கு அருகே பாறை ஒருவர் குந்தும் அளவுக்குத் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது.

“கூப்பிட்டா போயிருவாங்கம்மா,” என்றார்.

“ஆர் அது?”

“எஞ் சம்சாரம்.”

மணி மூன்று. பனி மறுபடியும் மரங்களுக்குள் இறங்கத் தொடங்கியது. இருட்டினால் சாவடியில் கேள்வி கூடும். இராசமணியின் செருப்புகள் இரண்டும் இப்போது முழுதாக உலர்ந்த கல்லில் நின்றன. முழங்கால் வரை உணர்ச்சி இல்லை.

அவள் அதைச் சொன்னாள். பிறகு வாழ்நாள் முழுவதும் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று நினைக்கப்போகும் வார்த்தை.

“அவவை விடுங்கோ. மற்ற ஆக்களைக் கூப்பிடுங்கோ. கடைசியா இராசமணி எண்டு என்ர பேரைக் கூப்பிடுங்கோ.”

இருளப்பன் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டார். பிறகு படியேறினார். பாதிப் படியில் பனி அவரை விழுங்கிற்று.

“பழனியாண்டி!”

கிழவரின் குரல் என்று நம்ப முடியவில்லை. மலை அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது.

படியடியில் நின்ற முதற் சோடியின் மேல் சாரல் விழுந்தது. கல் கறுத்தது. யாரும் படியேறவில்லை. ஆனால் படியோரத்துப் பன்னங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்து நிமிர்ந்தன.

“மாரியாயி!”

கல் கறுத்தது. பன்னங்கள் சாய்ந்தன.

“காத்தாயி! செபஸ்தியான்! செபஸ்தியான் மகன்!”

மகனுக்கு இன்னும் பெயர் வைத்திருக்கவில்லை போலும். மிகச் சிறிய சோடி ஒன்று மறைந்தது.

இருபத்திரண்டு பெயர்கள். ஜெஸீமா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். மக்கீன் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் பாறையில் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். ஒருத்தி முன்னால். இராசமணி பின்னால்.

மேலே மௌனம்.

முன்னால் நின்றவள் காத்திருப்பது தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்ல முடியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஓர் ஆளின் முதுகு தெரிவது போல.

“இராசமணி!”

கால் விடுபட்டது. குளிரும் ஈரமும் ஒரே நேரத்தில் உடம்பில் விழுந்தன. அவள் அந்தப் பாதங்களைச் சுற்றிக்கொண்டு, பார்க்காமல், ஓடினாள். எழுபது படிகளையும் ஓடினாள். வழியில் நின்ற இருளப்பனின் தோளை இடித்துக்கொண்டு போனாள்.

பிரித்த யன்னலின் விளிம்பில் அட்டை இருந்தது. உலர்ந்து, சுத்தமாக. மூலையில் ஊதா நிறப் பெருவிரல் அடையாளம்.

“ஏறுங்க, ஏறுங்க,” என்று மக்கீன் மூச்சிரைத்தார். இராசமணி பின் இருக்கையில் ஏறினாள். ஜெஸீமா முன்னால் கணவனுக்குப் பக்கத்தில். கதவு அடைபட்டது. வேன் புறப்பட்டது.

அப்போதுதான் கீழே பள்ளத்திலிருந்து அந்தக் குரல் கேட்டது. ஒருமுறை. பிறகு மறுபடியும். பிறகு நிறுத்தாமல், இருந்த இடத்தில் காணாத ஒருத்தியைத் தேடுவது போல.

“சுந்தரி! சுந்தரி! அடியே சுந்தரி!”

“ஆரக் கூப்பிடுறார்?” ஜெஸீமா திரும்பிக் கேட்டாள்.

“தெரியேல்லை. வேனை நிப்பாட்டாமல் ஓட்டுங்கோ.”

முதற் சாவடியில் மழைக்காக யாரும் வெளியே வரவில்லை. கொட்டிலுக்குள்ளிருந்து கையைக் காட்டி விட்டார்கள். மக்கீன் பெருமூச்சு விட்டார். ஜெஸீமா ஊற்றிக் கொடுத்த தேநீரை இராசமணி குடித்தாள். அட்டையை விடாமல் பிடித்திருந்த கையில் நகம் பதிந்திருந்தது. உடம்பின் இடது பக்கம் மட்டும் சூடேறவில்லை. யன்னல் சரியாகப் பூட்டவில்லை என்று நினைத்துக்கொண்டாள். யன்னல் வலது பக்கம் இருந்தது.

வத்தேகமச் சாவடிக்கு வந்தபோது மங்கிவிட்டது. இளம் சிப்பாய். முகப்பரு மாறாத முகம். மரியாதையாகத்தான் பேசினான். மூன்று அட்டைகளையும் வாங்கினான். டோர்ச்சை உள்ளே அடித்தான்.

“நாலு பேர். காட் மூணு.”

“மூணு பேர்தான் மாத்தயா,” என்று மக்கீன் சிரித்தார்.

சிப்பாயின் வெளிச்சம் இராசமணிக்கு இடப்பக்கத்தில் நின்றது. “அந்த அம்மாட காட்?”

இராசமணி நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். துடைப்பான் கண்ணாடியில் போய் வந்தது.

“பயப்பட வேணாம் அம்மா. எறங்குங்க. ஒரு நிமிசம்.”

அவன் பக்கக் கதவை இழுத்துத் திறந்தான். உள்ளே அமிழ்ந்திருந்த ரெக்சின் இருக்கை, பாரம் எழுந்ததும் நிமிர்வது போல, மெதுவாக நிமிர்ந்தது.

சிப்பாய் மணல்மூட்டைகளின் பக்கம் நடந்தான். மெல்ல நடந்தான், பக்கத்தில் வருபவருக்காக. விளக்கடியில் நின்று ஏதோ கேட்டான். பதிலுக்காகத் தலையைச் சாய்த்தான். அட்டைகளில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். படத்தைப் பார்த்தான். தனக்கு முன்னால் நின்ற வெறும் இடத்தைப் பார்த்தான். மீண்டும் படத்தைப் பார்த்தான். தலையாட்டினான். அட்டையை அந்த இடத்தை நோக்கி நீட்டினான்.

கையைத் தாழ்த்தியபோது அதில் இரண்டு அட்டைகள்தான் இருந்தன.

திரும்பி வந்து, மக்கீனின் அட்டையை மக்கீனிடமும் ஜெஸீமாவின் அட்டையை ஜெஸீமாவிடமும் கொடுத்தான். நன்றி சொன்னான். பிறகு டோர்ச்சைப் பின் இருக்கைக்குத் திருப்பினான்.

“இராசமணி அம்மா சரி. அவங்க போகலாம்,” என்றான். “இப்ப நீங்க யார்?”